உப்புச் சேற்றில் ஒரு நீலமலர்

பிறர் படும் துன்பத்தில் அழகு காண நமக்கு உரிமை உண்டா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு நூலன்று. ஒரு மறையுரையும் அன்று. கழிமுகத்துச் சேற்றில் வளரும் ஒரு காட்டுச் செடியும், அதைப் பற்றி நான் பேசக் கேட்ட ஒரு தாயின் மறுமொழியுமே இக்கட்டுரைக்குக் காரணங்கள்.

நான் வாழும் விருதுநகர் மாவட்டத்திற்குக் கடல் இல்லை, கழியும் இல்லை. கரிசல் மண்ணும், வானம் பார்த்த புன்செயும், மழை பெய்தால் மட்டும் நீரோடும் வைப்பாறும் அர்ச்சுனா நதியுமே எங்களுக்கு வாய்த்தவை. ஆயினும் உப்பு எங்களுக்குப் புதிதன்று. சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் வெடியுப்பு என்ற சொல்லை அறியாத குழந்தை இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. வாணத்தில் நாம் காணும் வண்ணங்களும் உப்புகளின் வேலையே. சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்சியம் உப்பு. நீலத்தைத் தருவது செம்பின் உப்பு. நெடுங்காலம் பச்சையைத் தந்து வந்தது பேரியம் உப்பு. நாம் சோற்றில் இடும் உப்பிலுள்ள சோடியமே வாணத்தில் மஞ்சளாய் ஒளிர்கிறது.

அந்த ஒளிச் சிதறல்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்தீர்களா? பூவாணம், பூச்சட்டி, மத்தாப்பூ. நிலவொளியைக் குறிக்கும் ஒரு பாரசீகச் சொல்லே தமிழில் மத்தாப்பு ஆயிற்று என்பர். நம் மக்களின் செவியில் அச்சொல்லின் இறுதியில் ஒரு பூ ஒலித்தது; மத்தாப்பூ என்றே வழங்கலாயினர். ஆகவே உப்பிலிருந்து பூ பிறக்கும் என்பது எங்களுக்கு வியப்பான செய்தியன்று. ஆனால் உப்பிலேயே வேரூன்றி, உப்பையே குடித்து, உயிரோடு நிற்கும் ஒரு பூவை நான் கண்டது ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே.

ஒரு மே மாதம். எங்கள் பங்கைச் சேர்ந்த சில குடும்பத்தினர் வேன் ஒன்றில் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். பட்டுக்கோட்டையைக் கடந்து முத்துப்பேட்டையை அடைந்தபோது, அங்குள்ள அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டுச் செல்லலாம் என்று இளைஞர்கள் விரும்பினர். ஜாம்பவானோடையில் படகேறி, கோரையாற்றின் வழியே கழிமுகம் நோக்கிச் சென்றோம். இரு கரையிலும் சேறு. அச்சேற்றின் விளிம்பில், இடுப்பளவு உயரத்தில், முள் விளிம்பு கொண்ட தடித்த இலைகளோடு ஒரு செடி புதராக அடர்ந்திருந்தது. அதன் நுனிகளில் வெளிர்நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள். அதன் பெயரைப் படகோட்டியிடம் கேட்டேன். “கழிமுள்ளி” என்றார்.

நம் முன்னோர் முண்டகம் என்று பாடிய நெய்தல் நிலச் செடி இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. குறுந்தொகையில் அம்மூவனார் அதன் முள்ளை அணிலின் பல்லுக்கு உவமை சொல்லியிருக்கிறார். பொதுவாக இத்தகைய பூக்களுக்கு மேலிதழ் ஒன்றும் கீழிதழ் ஒன்றும் இருக்கும். கழிமுள்ளிக்கு மேலிதழ் இல்லை. அகன்ற கீழிதழ் ஒன்று மட்டும் முன்னோக்கி நீண்டிருக்கும். யாரையோ உட்காரச் சொல்லிப் பாய் விரித்தாற்போன்ற தோற்றம். தேனுண்ண வரும் வண்டுக்கு அதுவே இருக்கை.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் நெல்லோ பருத்தியோ அதில் பிழைக்க இயலாது. வேலிக் கருவேலை வெட்டி வெட்டிக் களைத்த எங்கள் கண்களுக்கு, அந்தச் சேற்றில் இத்தனை மென்மையான நீலம் பூத்திருந்தது இறைவனின் கைவண்ணமாகவே தோன்றியது. மலைப்பொழிவில் ஆண்டவர் காட்டிய காட்டு மலர்களை நினைத்துக்கொண்டேன். மனநிறைவோடு வேளாங்கண்ணி சென்று மன்றாடி, ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் அன்பியக் கூட்டம். சில ஆண்டுகளுக்கு முன் பட்டாசு ஆலை விபத்தில் தம் மகளைப் பறிகொடுத்த தாய் ஒருவரின் வீட்டில் அது நடைபெற்றது. அன்று அப்பெண்ணின் நினைவு நாள். இறக்கும்போது அவளுக்கு வயது பத்தொன்பது. தாய் இன்றும் ஆலை வேலைக்கே செல்கிறார். ஆறுதலாக நான்கு சொற்கள் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கோ கழிமுள்ளியின் நினைவு மறையவில்லை. உப்புச் சேற்றிலும் முகம் வாடாமல் நிற்கும் அம்மலரைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு கரிப்பான வாழ்வையும் பொறுமையோடு ஏற்றுக்கொண்டால், அதிலேயே அழகு மலரும் என்று சொன்னேன். நன்றாகப் பேசியதாகவே எண்ணிக்கொண்டு அமர்ந்தேன்.

செபம் முடிந்து அனைவரும் எழுந்தபோது, அந்தத் தாய் காப்பித் தம்ளரை என் கையில் தந்தபடி மெல்லச் சொன்னார்:

“அந்தப் பூவுக்குக் கால் இல்ல சார், அதனால அங்கேயே நிக்குது. எங்களுக்குக் கால் இருந்தும் போக இடமில்ல. ரெண்டும் ஒண்ணா சார்?”

கோபம் சிறிதும் இல்லை அக்குரலில். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

நான் செய்த பிழை யாது? பொறுமை ஒரு புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொறுமை, அதைக் கடைப்பிடிப்பவரின் நெஞ்சிலிருந்து எழும்போதே புண்ணியம். துன்பப்படாத ஒருவர் துன்பப்படும் ஒருவருக்கு அதை அறிவுரையாக வழங்கும்போது, அதன் பெயர் மாறிவிடுகிறது. “நீ இப்படியே இரு, இருப்பதே அழகு” என்று அது சொல்லாமல் சொல்கிறது. அதைச் சொல்பவர் அந்தச் சேற்றில் நிற்பதில்லை. படகில் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறார்.

இதற்கு ஒரு பழங்கதை உண்டு. கழிமுள்ளி, அகாந்தஸ் என்னும் செடியினத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் அதன் உறவுச் செடி ஒன்றின் இலையே, பழைய தேவாலயங்கள் பலவற்றின் தூண் தலைகளில் சுருள் சுருளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வடிவம் பிறந்த வகையை கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமைக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். தூய பவுல் திருமுகங்கள் வரைந்தாரே, அதே கொரிந்து நகரில் ஓர் இளம்பெண் இறந்துபோனாள். அவள் விரும்பிய சிறு பொருள்களை அவளுடைய செவிலி ஒரு கூடையில் இட்டு, மேலே ஓர் ஓட்டை மூடி, கல்லறையின்மீது வைத்துச் சென்றாள். கூடைக்கு அடியில் அகாந்தஸ் வேர் ஒன்று இருந்தது. வசந்தத்தில் அது துளிர்த்து, கூடையைச் சூழ்ந்து வளர்ந்து, ஓட்டின் விளிம்பு தடுத்ததால் வெளிப்புறமாகச் சுருண்டது. அவ்வழியே வந்த கல்லிமாக்கஸ் என்னும் சிற்பி அதைக் கண்டு வியந்தான். அவ்வடிவத்தையே தூணுக்கு அணியாக்கினான்.

கதை உண்மையோ புனைவோ, ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிற்பியின் பெயர் நிலைத்துவிட்டது; இலையின் அழகு இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்துவிட்டது; அந்தப் பெண்ணின் பெயரையோ கதை சொல்லவில்லை. அவளுக்காகக் கூடை சுமந்து வந்த செவிலியின் பெயரையும் சொல்லவில்லை. ஒரு துயரத்தின்மீது வளர்ந்த அழகை எடுத்துக்கொண்டு, துயரத்தை அங்கேயே விட்டுச் செல்வது எத்துணை எளிது! அன்பியக் கூட்டத்தில் நான் செய்ததும் அதுவேயன்றோ?

வெட்கம் ஒருவனை இருவழிகளில் செலுத்தும்: வாய் மூடவும் செய்யும், கற்கவும் செய்யும். நான் கழிமுள்ளியைப் பற்றி மேலும் கற்கத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அச்செடியையும் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று.

உவர்நிலச் செடிகள் உப்பைச் சமாளிக்கும் வழிகள் வேறு வேறானவை. சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டித் தடுத்துவிடும். உமரி தன் சதைப்பற்றான இலைகளில் நீரோடு உப்பையும் சேர்த்துவைத்துக்கொள்ளும். கழிமுள்ளியோ உள்ளே நுழைந்துவிட்ட உப்பை இலைகளிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயிலில் நீர் உலர்ந்ததும், வெளியேற்றப்பட்ட உப்பு இலையின்மேல் வெண்துகள்களாகப் படிந்துவிடுகிறது. தனக்கு ஆகாததை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டேயிருப்பதால்தான் அது வாழ்கிறது. நான் அமைதியென்று கண்டது ஓயாத உழைப்பு; ஏற்பு என்று கண்டது மறுப்பு.

மேலும், இச்செடிக்கு உப்பு மிகுந்திருக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. ஆற்றின் நன்னீர் வந்து கலக்கும் இடங்களில்தான் அது செழித்து வளர்கிறது. உப்பு அதற்கு உணவன்று. அது தாங்கிக்கொள்ளும் சுமையே. தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையின் கதையை முத்துப்பேட்டையே சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, அங்கும் பிச்சாவரத்திலும் அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக முழுமையாக வெட்டும் முறை இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரே இறங்கியது. மண் உலர்ந்து தாழ்ந்து தட்டுப்போல் ஆயிற்று. ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மண்ணில் ஏறியது. காவிரியின் கடைமடைக்கு வந்து சேரும் நன்னீரும் குறைந்தது. இறுதியில், உப்பில் வாழவே படைக்கப்பட்ட செடிகளும் வாழ முடியாத களர்நிலமாக அப்பகுதிகள் மாறின. கடல் கொண்டுவந்த உப்பு இயற்கையானது. அது வெளியேற முடியாமல் போனதோ மனிதர் செயல்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அந்நிலத்தை மீட்கத் தொடங்கினர். இன்னும் பொறுமையாய் இருக்குமாறு அவர்கள் செடிகளிடம் சொல்லவில்லை. வாய்க்கால் வெட்டினார்கள். ஓதநீர் உள்ளே வரவும் மீண்டும் வெளியேறவும் வழி செய்தார்கள். தேங்கியிருந்த உப்பு கழுவப்பட்டது. நட்ட கன்றுகள் வேர் பிடித்தன. வெறுநிலத்தில் காடு திரும்பியது.

எங்கள் கந்தக பூமிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டோ? இங்கும் இருவகை உப்பு உண்டு. மழை பொய்ப்பதும் கரிசல் வெடிப்பதும் இயற்கை தந்தவை. அவற்றைத் தாங்கி, அவற்றிலிருந்து ஒரு வாழ்வை உண்டாக்கியவர்கள் எம் மக்கள். 1922இல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் அதை இங்கு தொடங்கியதற்குப் பின்னால் அந்த வறட்சி இருந்தது. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இன்று இங்குதான் உற்பத்தியாகிறது. அது பெருமைக்குரிய பொறுமைதான்.

ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டதும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டதும் வறட்சியைப் போன்றவை அல்ல. ஓர் அறையில் இத்தனை பேருக்குமேல் இருக்கலாகாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்த விதி எங்கே போய்விடுகிறது என்பது இங்கு எவருக்கும் தெரியாததன்று. இது தேங்கிய உப்பு. மனிதர் தேக்கிய உப்பு. இதை விதியென்றும் சிலுவையென்றும் பெயரிட்டு அழைத்தால், கடவுளின்மேல் நாம் பழி சுமத்துகிறோம்.

ஒரு காலத்தில் பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் விடியுமுன் ஆலை வண்டியில் ஏறிச் சென்றதைக் கண்டவர்கள் நாம். அதையும் அன்று விதியென்றே சொன்னோம். சிவகாசிச் சிறுவர் தொழிலாளர் குறித்து 1986இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அந்த ஒரு தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிடவில்லை. எனினும் ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. 2018இல் அதே நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, காற்றைக் காக்கும் அந்த ஆணை எங்கள் ஊர்களில் பல அடுப்புகளையும் அணைத்தது. வாய்க்காலை எங்கே வெட்டுவது, யாருடைய வரப்பு அதனால் சரியும் என்று நின்று எண்ணிப் பார்ப்பதும் அறத்தின் பகுதியே. ஆலைகளையெல்லாம் மூடிவிடச் சொல்வது எளிது. அந்தத் தாய் அதை ஒருநாளும் கேட்கவில்லை. வேலைக்குப் போனால் வீடு திரும்ப வேண்டும். அவர் கேட்பது அவ்வளவே.

வாங்குகிறவர்களாகிய நாமும் இதில் புறம்பானவர்கள் அல்லர். நம் ஆலயத் திருவிழாவின் தேர்ப்பவனியில் வாணவேடிக்கை இல்லையென்றால் நமக்கு மனம் நிறைவதில்லை. வானில் விரியும் அந்தப் பூவை எந்தக் கை உருட்டியது, எந்த அறையில், எத்தனை பேர் நெருக்கி அமர்ந்து உருட்டியது என்று என்றேனும் கேட்டதுண்டா? கல்லிமாக்கஸ் மட்டுமா வடிவத்தை எடுத்துக்கொண்டு கல்லறையை விட்டுச் சென்றான்?

யோபு நூலை மீண்டும் படித்தேன். அவருடைய நண்பர்கள் மூவரும் தீயவர்கள் அல்லர். செய்தி கேட்டதும் புறப்பட்டு வந்தார்கள். ஏழு நாள்கள் அவரோடு தரையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நற்செயல் அது. பேசத் தொடங்கியபோதுதான் பிழைத்தார்கள். துன்பத்திற்கு விளக்கம் சொன்னார்கள். அதில் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தார்கள். முடிவில் இறைவன் சினந்தது, கேள்வி கேட்ட யோபுவின்மேல் அன்று. விடை சொன்ன நண்பர்கள்மேல். நம் மறைநூல் முறையிடுகிறவனின் பக்கம் நிற்கிறது என்பதை, பல ஆண்டுகள் ஞானோபதேசம் கற்பித்த நான், எழுபது வயதை நெருங்கும்போது ஒரு தொழிலாளிப் பெண்ணிடம் கற்க வேண்டியிருந்தது.

அப்படியானால் காட்டு மலர்களைப் பார்க்கச் சொன்ன ஆண்டவர்? அவர் தம்மைச் சூழ்ந்திருந்த எளியவர்களிடம் அதைச் சொன்னார். சொன்ன வாயாலேயே பசித்தவர்களுக்கு அப்பமும் கொடுக்கச் சொன்னார். தலைசாய்க்க இடமின்றித் தாமும் அவர்களோடு நடந்தார். அவருக்கு அந்த உவமையைச் சொல்ல உரிமை இருந்தது. நமக்கோ, அந்த உரிமையை முதலில் ஈட்டவேண்டியிருக்கிறது.

கழிமுள்ளியைப் பற்றி நான் அறிந்துகொண்ட இறுதிச் செய்தி ஒன்று உண்டு. அதன் காய் முற்றியதும் வெடிக்கும். உள்ளேயிருக்கும் விதைகள் சில அடி தூரம் தெறித்து விழும். வெடி என்றாலே நெஞ்சு பதறும் ஊரில் வாழும் எனக்கு, விதைப்பதற்காகவும் ஒரு வெடி உண்டு என்பது நெடுநேரம் நினைக்கத்தக்கதாயிருந்தது. ஆயினும் இம்முறை அதை உவமையாக்கி அந்தத் தாயிடம் எடுத்துச் செல்லவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்ந்தேன். என் பேச்சு அவர் மனத்தைப் புண்படுத்தியதற்கு வருந்துவதாகச் சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்றார். பின்னர் நெடுநேரம் தம் மகளைப் பற்றி அவரே பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு செய்தி வந்தது. வேலை மும்முரமான ஒரு நாளில், ஏற்கெனவே நால்வர் இருந்த அறையில் ஐந்தாவது ஆளாக அவரை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டு, அன்றைய கூலியை இழந்து, வீடு திரும்பிவிட்டார். உரக்க ஒரு சொல்லும் பேசவில்லையாம். மறுநாள் மற்றொரு பெண்ணும் அவ்வாறே திரும்பினாளாம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில், அவர்கள் இழந்த கூலியை யார் ஈடு செய்வது என்ற கேள்வி எழுந்தது. இத்தனை ஆண்டுகளில் எங்கள் கூட்டத்தில் அப்படியொரு கேள்வி எழுந்ததே இல்லை.